பதில்: எட்டு மாசமா ஒரே இனீக்வாலிட்டி, டாபிக் மாத்தலாமா?

ஹார்மோனிக் அனாலிசிஸ்ல (ஃபங்ஷன்கள அலைகளா பிரிச்சுப் பாக்குற கணிதப் பிரிவு) பிஎச்டி, எட்டு மாசமா ஒரே இனீக்வாலிட்டிய, அதாவது ஒரு அளவு இன்னொரு அளவத் தாண்டாதுங்கிற கூற்ற, நிரூபிக்க முடியல, டாபிக்க மாத்திடலாமான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க. கொஞ்ச நாள் அந்த இனீக்வாலிட்டியே தப்புன்னு காட்ட முழு மனசோட முயற்சி பண்ணுங்க. முதல்ல ஸ்கேலிங்: எக்ஸுக்கு பதிலா லாம்டா எக்ஸ் போட்டு ரெண்டு பக்கமும் லாம்டாவோட பவர் ஒத்துப்போகுதான்னு பாருங்க, முழு வெளியிலயும் உள்ள இனீக்வாலிட்டியா இருந்து அது ஒத்துப்போகலன்னா அந்த எக்ஸ்போனென்ட்டே தப்பு. அப்புறம் காஸியன் (மணி வடிவ ஃபங்ஷன்), சின்ன பந்தோட இண்டிகேட்டர் (உள்ள 1, வெளிய 0), அதே மாதிரி நீளமா மெலிசா ஒரு செவ்வகத்தோடது, இந்த எளிய ஃபங்ஷன்களெல்லாம் போட்டு இனீக்வாலிட்டி உடையுதான்னு பாருங்க.

தப்புன்னு காட்டப் பாக்குறது வீண் இல்லங்கிறதுக்கு ஒரு உதாரணம். எல்2 ஃபங்ஷனோட (வர்க்கத்தோட இண்டெக்ரல் முடிவுள்ளதா இருக்குற ஃபங்ஷன்) ஃபூரியே தொடர், அதாவது அத சைன், கொசைன் அலைகளோட கூட்டலா எழுதுறது, கிட்டத்தட்ட எல்லா புள்ளியிலயும் அந்த ஃபங்ஷனுக்கே குவியுமாங்கிறது லூசின்ங்கிற கணிதவியலாளர் 1915லயே எழுப்பின கேள்வி. எல்1ல (வர்க்கம் இல்லாம அளவோட இண்டெக்ரல் மட்டும் முடிவுள்ளதா இருந்தா போதும்) குவியாம போகலாம்னு கோல்மோகோரோவ்ங்கிற கணிதவியலாளர் உதாரணமே குடுத்துட்டதால, கார்லெசன்ங்கிற கணிதவியலாளரும் முதல்ல எதிர் உதாரணம்தான் தேடினார், அது ஏன் அமையவே மாட்டேங்குதுன்னு புரிஞ்சுகிட்டு 1966ல குவியும்னு நிரூபிச்சிட்டார். எனக்கு அனாலிசிஸ்ல ரொம்பப் பிடிச்ச விஷயம் இது!

கைடுகிட்ட வெறுமனே வரலன்னு சொல்லாம, நிரூபணத்துல எந்த வரியில எஸ்டிமேட் (அளவுக்கான வரம்பு) உடையுது, எங்க ஒரு லாக் (லாகரிதம்) கூடுதலா வந்து நிக்குதுன்னு ரெண்டு பக்கம் எழுதி எடுத்துட்டுப் போங்க, டாபிக் மாத்துறத அதுக்கப்புறம் சேர்ந்து பேசிக்கலாம்.