நாய் பயந்துவிட்டால்: சுங்கை சிப்புட் வாசகர்களுக்குப் பதில்

தீபாவளிக்குப் பிறகு வந்த கேள்விகளில், பயந்துபோன நாய்களைப் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

பட்டாசு வெடித்த இரவிலிருந்து எங்கள் நாய் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. தடவிக் கொடுத்தால் பயம் இன்னும் கூடும் என்கிறார் மாமா. அப்படியா, டாக்டர்?

இல்லை அம்மா. கை கொடுத்தால் பிஸ்கட் கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும்; பயத்தை அப்படிக் கற்றுக்கொள்வதில்லை. அதுவாக வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்க மட்டும் வேண்டாம். சாப்பாட்டையே தொடவில்லை என்றால் கிளினிக்குக் கொண்டு போங்கள்.

இடிக்குப் பயப்படும் நாய்களுக்கு இடிச் சத்தப் பதிவைப் போட்டு, எச்சிலைச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2005இல் வெளியானது. பதற்றத்தில் சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் 207 விழுக்காடு ஏறியது. 40 நிமிடம் ஆகியும் பழைய அளவுக்கு இறங்கவில்லை. வெறும் பதிவுக்கே அப்படியென்றால், நள்ளிரவு வரை வெடித்த பட்டாசுக்கு உடம்பு எப்படி அடங்கும்? அடுத்து சீனப் புத்தாண்டு வருகிறது. அதற்கு முன்பே கால்நடை மருத்துவரைப் பார்த்து, நாயின் பயத்தைத் தணிக்கும் மாத்திரை வாங்கி வையுங்கள். பாட்டியின் தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், ஆபத்து.

லயத்து வீட்டில் வெள்ளம் ஏறியபோது நாய் சங்கிலியில் இருந்தது. அப்பா நீந்திப்போய் அவிழ்த்துவிட்டார். மாதங்கள் ஆகியும், தகரக் கூரையில் தூறல் விழுந்தாலே நடுங்குகிறது. மறக்கவே மறக்காதா?

1924 செப்டம்பரில் ரஷ்யாவின் லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம். நாய்கள் எப்படிப் பழகுகின்றன என்று ஆராய்ந்த விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வுக்கூடத்து நாய்கள் கூண்டுக்குள் மூழ்கும் நிலையில் மீட்கப்பட்டன. அதன் பிறகு சில நாய்களுக்கு, பழக்கியதெல்லாம் குலைந்துபோனது. நாள்பட்டுத் தேறிவந்த ஒரு நாயின் அறைக்குள், கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் கசியவிட்டார்கள். அவ்வளவுதான், பழையபடி கலங்கிவிட்டது. உங்கள் நாய்க்கு அந்தத் தண்ணீர்தான் தூறல்.

முழுக்க மறக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் தேறும். மழைக்காலத்தில் சங்கிலியே கூடாது. வீட்டுக்குள் உயரமான, காய்ந்த ஒரு மூலையை அதற்கென்றே ஒதுக்குங்கள். வெயில் நாளில் கைப்பேசியில் மழைச் சத்தத்தைக் காதில் விழுந்தும் விழாத அளவுக்கு வைத்து, கூடவே பிடித்த தீனி கொடுங்கள். நாய் காதை மடக்கினாலோ, உதட்டை நக்கினாலோ சத்தம் அதிகம் என்று அர்த்தம், குறையுங்கள். இது வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் நடக்கிற வேலை. அவசரப்பட்டால் பலன் இருக்காது.

தோட்டத்தில் கட்டிப்போட்டு அடித்து வளர்த்த நாயை மீட்டு வந்தோம். அவிழ்த்துவிட்டாலும் நகர மாட்டேன் என்கிறது. சோம்பேறி நாயா?

சோம்பல் இல்லை தம்பி. தப்பிக்கவே முடியாதபடி மின்னதிர்ச்சி பெற்ற நாய்களில் பெரும்பாலானவை, பிறகு வழி திறந்திருந்தும் தப்ப முயலவில்லை என்று 1967இல் அமெரிக்க உளவியலாளர்கள் செலிக்மனும் மேயரும் காட்டினார்கள். என்ன செய்தாலும் பயனில்லை என்று பழகிப்போன உடம்பு அது. கொடுமையான சோதனைதான், ஆனால் உங்கள் நாயின் நிலை அதில் அப்படியே தெரிகிறது. எனவே சின்னச் சின்ன முடிவுகளை அதனிடமே விடுங்கள்: இரண்டு தட்டில் உணவு, இரண்டு இடத்தில் பாய். எதைத் தேர்ந்தாலும் சரி. துடைப்பத்தைக் கண்முன் ஓங்காதீர்கள்.

அடித்தவர் இன்னொரு நாயை வைத்திருந்தால் கால்நடைச் சேவை இலாகாவில் புகார் கொடுங்கள். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி வதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆறு வாரக் குட்டி. தைரியமாக வளர என்ன செய்யலாம்?

மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரைதான் பொன்னான காலம். தடுப்பூசி முடியும்வரை தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டே மோட்டார், செம்பனை லோரி, குழந்தைகள் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டுங்கள்.

பத்து வயது நாய். இத்தனை நாள் இல்லாமல் இப்போது இடிக்குப் பயப்படுகிறது.

முதலில் இடுப்பையும் மூட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சத்தத்தில் உடம்பு விறைக்கும்போது மூட்டு வலித்தால், அந்த வலி சத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட நாய்க்கு வலியைக் குறைத்தாலே பயமும் குறையலாம்.