‘சித்தி மகனாம்’

கேள்வி: கோவையில் தனியார் துப்பறிவாளராக இருக்கிறேன். பெரும்பாலும் கல்யாண விசாரணைதான். சென்ற மே மாதம் குடும்பத்தோடு மலேசியாவின் லங்காவித் தீவுக்குப் போனோம். பந்தாய் செனாங் கடற்கரை ரிசார்ட்டில் ஈரோட்டுக் குடும்பம் ஒன்று பழக்கமானது. மகளுக்கு வரன் அமையவில்லை என்று வருத்தப்பட்டார்கள். இரண்டாம் நாள்தான் எனக்கு உறைத்தது. நான்கு வருடம் முன்பு ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காக நான் விசாரித்த பெண் அவள்! ‘ஒரு பையனோடு பைக்கில் சுற்றுகிறாள்’ என்று எழுதிக் கொடுத்தேன், சம்பந்தம் நின்றுபோனது. அந்தப் பையனும் வந்திருந்தான், சித்தி மகனாம். கேபிள் கார், மஹ்சூரி சமாதி என்று ஒன்றாகவே சுற்றினோம். தை மாதம் கிரகப்பிரவேசத்துக்கு அழைக்கிறார்கள். போகலாமா? உண்மையைச் சொல்லத் தொழில் ரகசியம் தடுக்கிறது.

பதில்: ‘சித்தி மகனாம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘ஆம்’ எதற்கு? கூடவே சுற்றிக் கண்ணால் பார்த்த உறவுக்கு ஒரு ‘ஆம்’. அன்றைக்கு யாரோ சொன்னதைக் கேட்டு ‘சுற்றுகிறாளாம்’ என்று எழுதியிருந்தால்கூட மாப்பிள்ளை வீட்டார் ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள். அங்கே மட்டும் ‘சுற்றுகிறாள்’! பையன் யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அதற்குப் பெயர்தானே விசாரணை?

மஹ்சூரி சமாதிக்கு வேறு போயிருக்கிறீர்கள். கணவன் போருக்குப் போயிருந்த சமயம், ஊர்த்தலைவரின் மனைவி பொறாமையில் அவள் நடத்தையைப் பற்றிக் கிளப்பிவிட்ட பேச்சை நம்பி மஹ்சூரியைக் குத்திக் கொன்றார்கள் என்பது அந்தத் தீவின் கதை. வெள்ளை ரத்தம் வந்ததாம், ஏழு தலைமுறைக்குச் சாபம் விட்டாளாம். இங்கே ‘ஆம்’ போடலாம், தப்பில்லை. அந்தப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கதையை எப்படி ஐயா கேட்டீர்கள்?

பெண் கொடுக்கும்முன், எடுக்கும்முன் நாலு இடத்தில் விசாரிப்பது பெரியவர்கள் கடமை. அதை நான் குறை சொல்லமாட்டேன். கூலிக்கு ஆள் வைத்தாலும் சரிதான். ஆனால் அடுத்த வீட்டுப் பெண்ணின் பெயர் உங்கள் கையில் இருக்கும்போது பெற்றவனின் பயம் வேண்டும்.

தொழில் ரகசியமா? காசு கொடுத்தவர் பெயர் ரகசியம். உங்கள் தப்பு எப்போது ரகசியமானது?

முதலில் அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு, அறிக்கை தவறு என்று எழுத்தில் கொடுங்கள். வாங்கிய பணத்தையும் திருப்பிவிடுங்கள். அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகியிருந்தாலும் சரி. அவர்கள் சொந்தபந்தத்தில் இவள் பெயர் இன்னும் அடிபட்டுக்கொண்டுதான் இருக்கும். பிறகு மனைவியோடு ஈரோட்டுக்குப் போய்ப் பெண்ணிடமும் அவள் பெற்றோரிடமும் சொல்லுங்கள். போனில் வேண்டாம். திட்டினால் நின்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கிரகப்பிரவேசமா? அதற்குப் பிறகும் அழைத்தால் போங்கள்.