ஒரு நிமிடத்தில் பத்து வாசகம்

வாசகர் கேள்வி – பதில்: விளம்பர எழுத்து

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விளம்பர வாசகம் எழுதிப் பிழைப்பவர்களும், எழுத வர விரும்புபவர்களும் அனுப்பியவை. 2022 நவம்பர் இறுதியில், கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு இயந்திரமான சாட்ஜிபிடி பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்து, இத்தொழிலில் இருப்போர் எங்கே சந்தித்துக்கொண்டாலும் பேச்சு அதில்தான் வந்து நிற்கிறது. சென்னை விளம்பர ஏஜென்சிகளில் இருபத்தைந்து ஆண்டுகளாக வாசகம் எழுதி வருபவன் என்ற முறையில், கையில் பட்டதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஈரோட்டில் துணிக்கடைகளுக்கு நோட்டீஸ், இன்ஸ்டாகிராம் பதிவு ஆகியவற்றுக்கு வாசகம் எழுதித் தருகிறேன். “மிஷின் ஒரு நிமிடத்தில் பத்து வாசகம் தருகிறது, உங்களுக்கு எதற்கு ஆயிரம் ரூபாய்?” என்று கடைக்காரர் கேட்கிறார். பாதிக் கூலிக்கு ஒப்புக்கொள்வதா, தொழிலையே விட்டுவிடுவதா?
— ஈரோடு வாசகி

கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. வாக்கியம் மலிந்துவிட்டது, அதை மறுத்து வாதாடுவதில் பயனில்லை. அதற்காகப் பாதிக் கூலிக்குத் தலையாட்டினால், அடுத்த தீபாவளிக்கு அதிலும் பாதியைக் கேட்பார். அவர் உங்களிடம் இதுவரை வாங்கிவந்தது வாக்கியம் மட்டும்தானா என்பதை முதலில் நீங்கள் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஊர்ப்பக்கத்துப் பொருளையே எடுத்துக்கொள்கிறேன். சென்ற ஆண்டு பவானி ஜமுக்காளம் விற்கும் ஒரு கடைக்கு எழுத வேண்டியிருந்தபோது, முதலில் இயந்திரத்திடமே கேட்டுப் பார்த்தேன். “பாரம்பரியமும் தரமும் கைகோர்க்கும் பவானி ஜமுக்காளம் – உங்கள் இல்லத்திற்கு ஓர் அழகிய கூட்டல்” என்று வந்தது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஜமுக்காளத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குத்துவிளக்கை வைத்தாலும் அந்த வாக்கியம் அப்படியே நிற்கும். கூட்டல் என்றால் நமக்குக் கணக்குப் பாடம்தான். கடையில் நின்று வீட்டுக்கு ஒரு கூட்டல் கேட்டவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

பிறகு அந்தக் கடையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களில் பலர் நிறத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, “இதில் எத்தனை பேர் உட்காரலாம்?” என்றுதான் கேட்டார்கள். அளவுச் சீட்டில் ‘6 × 9 அடி’ என்று அச்சிட்டிருந்தது. அடிக்கணக்கைக் கேட்டதும் வாங்க வந்தவர்களின் முகத்தில் ஒன்றும் தெளியவில்லை. கடைக்காரரோ ஒருவருக்கு எட்டு என்றும் மற்றவருக்குப் பன்னிரண்டு என்றும் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். மதியம் கூட்டம் குறைந்ததும் ஒரு ஜமுக்காளத்தைத் தரையில் விரித்து, கடைப் பையன்களையும் பக்கத்து டீக்கடைக்காரரையும் சம்மணமிட்டு உட்காரச் சொன்னோம். முட்டி இடிக்காமல் ஒன்பது பேர். “ஒன்பது பேர் தாராளமாக உட்காரலாம், உட்கார வைத்து எண்ணிவிட்டுத்தான் சொல்கிறோம்” என்பதே நோட்டீஸில் போன வாசகம். அதில் சொல்லழகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்பது என்ற எண் மட்டும் அதுவரை எந்தக் கணினியிலும் ஏறியிருக்கவில்லை.

ஆகவே பில் போடும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள். கடைக்குச் சென்று விவரம் திரட்டுவதற்கு ஒரு தொகை, எழுதுவதற்கு ஒரு தொகை என்று இரண்டாகப் பிரித்து, முதல் தொகையில் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள். இரண்டாவதில் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம், ஏனெனில் அதில் இயந்திரம் உங்களுக்கே உதவும். கூகுள் தேடல் விளம்பரத்தில் இப்போது 15 தலைப்புகள் வரை கேட்கிறார்கள், ஒவ்வொன்றும் 30 எழுத்துக்குறிக்குள் அடங்க வேண்டும்; அதற்குக் கீழே 90 எழுத்துக்குறிக்குள் நான்கு விவரணைகள். எதை எதோடு சேர்ப்பது என்பதை அவர்களின் கணினியே தீர்மானித்துக்கொள்கிறது. முழு விளம்பரத்தையும் நாமே கோத்துத் தரும் பழைய வடிவத்தில் 2022 ஜூன் மாதத்துக்குப் பின் புதிதாக ஒன்றும் தொடங்க முடியாது. இப்படி ஒரே செய்தியைப் பதினைந்து விதமாகத் திருப்பிப் போடுவதற்கு இயந்திரம் பொருத்தமான ஆள்தான். ஒன்பது பேர் கணக்கைக் கொடுத்து முப்பது தலைப்பு கேளுங்கள்; வந்ததில் பாதியை அடித்துவிட்டால் வேலை முடிந்தது.

ஆங்கில விளம்பரங்களைத் தமிழாக்கி வந்தேன். இப்போது இயந்திரம் மொழிபெயர்த்ததை அனுப்பி, “சரிபார்த்தால் போதும்” என்று மூன்றில் ஒரு பங்குதான் தருகிறார்கள். சரிபார்ப்பதற்குள் புதிதாகவே எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.
— சென்னை வாசகர்

தோன்றுவது சரிதான். மும்பையில் முடிவான விளம்பரத்துக்குச் சென்னையில் தமிழ் ஏற்றும் வேலை எங்கள் தலைமுறைக்கே சோறு போட்டது. ஆனால் அன்றும் அது சொல்லுக்குச் சொல் மாற்றும் வேலையாக இருந்ததில்லை. அண்மையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்கு என்னிடம் வந்த இயந்திரத் தமிழ் இது: “நீங்கள் நேசிக்கும் சுவை, இப்போது புதிய தோற்றத்தில்.” சுவையை நாம் நேசிப்பதில்லை, பாக்கெட்டுக்குத் தோற்றமும் இல்லை. “அதே ருசி, புதுப் பாக்கெட்” என்று திருத்தி அனுப்பியபோது, திருத்தம் என்ற பெயரில் நான் செய்தது புது எழுத்து என்பதை ஏஜென்சிக்காரர் ஏற்றுக்கொள்ளவே ஒரு வாரம் ஆயிற்று.

அதிலிருந்து இரண்டு பழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறேன். சொல் எண்ணிக்கைக்குப் பதிலாக மணிக்கணக்கில் கூலி பேசுகிறேன். திருப்பி அனுப்பும்போது இயந்திரம் தந்தது, நான் மாற்றியது, மாற்றியதன் காரணம் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் அருகருகே மூன்று கட்டமாகப் போட்டு அனுப்புகிறேன். தமிழ் தெரியாத மேலாளருக்கும் மூன்றாவது கட்டம் புரியும். அடுத்த முறை அவரே அசல் ஆங்கிலத்தை அனுப்பி, நேராக எழுதச் சொல்வார்.

நீங்கள் டப்பிங் பக்கமும் போகலாம். திரையில் நடிகையின் உதடு ஒட்டும் இடத்தில் நம் சொல்லிலும் பகரமோ மகரமோ வந்து விழ வேண்டும். வாயை மூடி முடிக்கிற இடத்தில் ‘தருகிறது’ என்று எழுதினால், படத்தில் மூடிய வாயிலிருந்து குரல் கேட்கும்; ‘தரும்’ என்று எழுதினால் உட்கார்ந்துவிடும். குரல் கலைஞரோடு ஸ்டுடியோவில் நின்று, படத்தை நாலு முறை ஓட்டிப் பார்த்துச் சொல்லை மாற்றுகிறவருக்கு இன்னும் நல்ல கூலி இருக்கிறது.

எங்கள் கடை வாடிக்கையாளர்களுக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்ப விரும்புகிறோம். சிறிய செய்திக்கும் இரண்டு செய்திக்கான கட்டணம் விழுகிறதே, ஏன்?
— மதுரை வாசகர்

ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 குறிகள். அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் முழுச் செய்திக்கும் அளவு 70 ஆகச் சுருங்கிவிடும். எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகி, துண்டுக்கு 67 என்ற கணக்கில் கட்டணம் ஏறும். மேலும் நாம் எண்ணுவது போல எஸ்எம்எஸ் முறை எண்ணாது. ‘தள்ளுபடி’ நமக்கு ஐந்தெழுத்து. புள்ளியையும் உகர, இகரக் குறிகளையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்கு எட்டு. ‘பெறுங்கள்’ என்பதும் நமக்கு ஐந்துதான், அதற்கோ ஒன்பது. “ஆடித் தள்ளுபடியைப் பெற்று மகிழுங்கள்” என்பது மட்டும் இடைவெளியோடு 36 இடத்தைத் தின்றுவிடுகிறது. “ஆடித் தள்ளுபடி: வேட்டி ரூ.250 முதல்” என்பது 35. பொருளும் விலையும் சேர்ந்தும் ஓர் இடம் மிச்சம். மீதிப் பாதியில் கடைப் பெயரும் தெருவும் அடங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, வணிகச் செய்தியின் வார்ப்புருவை (டெம்ப்ளேட்டை) முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவில் மாறக்கூடியவை என்று குறித்த இடங்களைத் தவிர வேறெங்காவது கை வைத்தால் செய்தி போகாது. எனவே விலை, தேதி, பொருளின் பெயர் ஆகியவற்றை மாற்றத்தக்கதாக விட்டு, எந்தப் பொருள் வந்தாலும் வேற்றுமை உருபு இடிக்காதபடி வாக்கியத்தை அமையுங்கள். மேலே உள்ள வாக்கியத்தில் ‘வேட்டி’ இருக்கும் இடத்தில் ‘சேலை’யையோ ‘போர்வை’யையோ போட்டுப் பாருங்கள்.

மூலிகைத் தேநீர் விற்கிறேன். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த விளம்பரத்தில் “சர்க்கரை நோயை வேரோடு குணப்படுத்தும்” என்று இருக்கிறது. நான் எழுதியது இல்லையே, போடலாமா?
— திருநெல்வேலி வாசகர்

போடக்கூடாது. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக ஒரு மருந்தை விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம் தடை செய்கிறது. அதோடு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் விளம்பர ஏஜென்சிகளையும் தம் வரம்புக்குள் கொண்டுவந்தன. வாசகத்தை எழுதியது எந்த மென்பொருள் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

நோயை விட்டுவிட்டு ‘இயற்கையானது’, ‘சுத்தமானது’, ‘பாரம்பரியமானது’ என்று மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்பீர்கள். உணவுப் பொருளில் அந்தச் சொற்களையும் எந்த நிலையில் பயன்படுத்தலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் வரையறுத்துள்ளன. இயந்திரம் மிகவும் விரும்பி அள்ளித் தெளிக்கும் சொற்களும் இவையே என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

என் முதல் ஆண்டுகளில் ஒரு கூந்தல் எண்ணெய்க்கு, “முப்பதே நாளில் முடி உதிர்வு நிற்கும்” என்று எழுதினேன். கிளையன்ட் கைதட்டினார். நாளிதழின் விளம்பரப் பிரிவிலிருந்த ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்து, “முப்பது என்று யார் எண்ணியது தம்பி?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. விளம்பரம் நின்றது, ஏஜென்சியை விட்டு அந்தக் கிளையன்ட்டும் போய்விட்டார். இப்போது இயந்திரம் தரும் ஒவ்வொரு வரியிலும் எண்ணையும் ‘குணமாகும்’, ‘முற்றிலும்’, ‘முதல் தரம்’ போன்ற சொற்களையும் சிவப்பில் சுழித்து, பக்கத்தில் ‘யார் எண்ணியது?’ என்று எழுதிக் கிளையன்ட்டுக்கே அனுப்பிவிடுகிறேன். ஆதாரத் தாள் வந்தால் வரி இருக்கும், வராவிட்டால் போகும். இந்தச் சரிபார்ப்புக்கும் தனிக் கூலி கேட்கலாம், நிறுவனங்கள் தருகின்றன.

இணையதளங்களுக்குச் சொல்லுக்கு 30 பைசா வீதம் கட்டுரை எழுதினேன். வேலை முழுவதுமாக நின்றுவிட்டது. திரும்ப வருமா?
— திருச்சி வாசகி

வராது என்றே நினைக்கிறேன். தேடுபொறியில் முன்னால் வருவதற்காகவே ஒரே விஷயத்தை ஐம்பது விதமாக எழுதிக் குவிக்கும் வேலை அது. அப்படிக் குவிப்பதை, மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், கூகுள் 2024 மார்ச்சில் தன் விதிகளில் குற்றமாகச் சேர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், தேடியவருக்கு விடையின் சுருக்கத்தை முதலிலேயே காட்டும் வசதியை இந்தியாவிலும் கொண்டுவந்தது. சுருக்கம் கிடைத்தவர் கட்டுரைக்குள் வரவேண்டிய தேவை குறைந்தது. இதுவரை எழுதிய அனுபவத்தை ஒரே துறையில் குவியுங்கள். இரண்டு ஆண்டுகள் வீட்டுக்கடன் பற்றி எழுதியிருந்தால், கடன் வாங்கியவர்கள் வங்கியில் கேட்கும் கேள்விகள் உங்களுக்கு அத்துப்படியாகியிருக்கும். அந்தக் கேள்விகளுக்கு எளிய தமிழில் கையேடு, படிவ விளக்கம், வீடியோவுக்கான பேச்சு வடிவம் எழுதித் தருகிறேன் என்று நிதி நிறுவனங்களை நேரில் அணுகலாம்.

ஆறு மாத காப்பிரைட்டிங் (விளம்பர எழுத்து) பயிற்சிக்கு ரூ.60,000 கேட்கிறார்கள். சேரலாமா?
— கும்பகோணம் கல்லூரி மாணவர்

வேண்டாம். உங்கள் ஊர்ப் பாத்திரக்கடை ஒன்றில் விடுமுறையில் ஒரு மாதம் விற்பனைக்கு நில்லுங்கள். வருபவர் கேட்கும் முதல் கேள்வியையும், வாங்காமல் போகிறவர் போகும்போது சொல்வதையும் அதே சொற்களில் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கடையிலும் சம்பளம் தருவார்கள்.

சென்னையில் எழுதிய வாசகங்கள் எங்களுக்கு அந்நியமாக ஒலிக்கின்றன. இயந்திரம் எழுதுவதும் அப்படியே. இலங்கையில் எழுதுபவர்களுக்கு இது வாய்ப்பா?
— யாழ்ப்பாணம் வாசகர்

வாய்ப்புதான். இந்தப் பாடத்தை நான் பட்டுத்தான் கற்றேன். கொழும்பில் வெளியான ஒரு தமிழ் விளம்பரத்தில் ‘விசேட விலைக்கழிவு’ என்று முதன்முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன். எங்களூரில் கழிவு என்றால் சாக்கடைக்குப் போவது. உங்களிடம் அதுவே தள்ளுபடி. நாங்கள் சோப்பு என்பதை நீங்கள் சவர்க்காரம் என்கிறீர்கள், நாங்கள் பேசுவதை நீங்கள் கதைக்கிறீர்கள். இயந்திரம் இரண்டையும் ஒரே பானையில் கலக்கி, ஒரு வரியில் ‘சவர்க்காரம்’, அடுத்த வரியில் ‘ஆஃபர்’ என்று ஊற்றுகிறது. இரு நாட்டிலும் விற்கும் நிறுவனங்களில் தமிழுக்குப் பொறுப்பாக இருப்பவர், பெரும்பாலும் இந்த வேறுபாட்டை அறியாதவர். அவர்களின் தற்போதைய விளம்பரம் ஒன்றை எடுத்து, யாழ்ப்பாணத்துக் கடையில் யாரும் சொல்லாத சொற்களை அடிக்கோடிட்டு, மாற்றுச் சொல்லை மேலே எழுதி, ஒரே பக்கத்தில் அனுப்பிப் பாருங்கள். மட்டக்களப்புக்கும் மலையகத்துக்கும் அதே சொற்கள் செல்லுமா என்பதை அங்குள்ளவர்களிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.