சட்டம் கேளுங்கள்: தமிழ் தெரியாத பையனிடம் கையெழுத்து வாங்கினால்?

கேள்வி: எங்கள் லைன் வீட்டில் குடியிருக்கும் ஒடிசா பையனைச் செல்போன் திருட்டு வழக்கில் பிடித்துப் போய்விட்டார்கள். பனியன் கம்பெனியில் டெய்லர். தமிழ் சுத்தமாகத் தெரியாது, இந்தியும் அரைகுறைதான். ஸ்டேஷனில் ஏதேதோ காகிதங்களில் கையெழுத்து வாங்கினார்களாம். இப்போது ரிமாண்டில் இருக்கிறான். அந்தக் கையெழுத்தாலேயே தண்டனை ஆகிவிடுமா மேடம்?
*- வாசகி, திருப்பூர்*

பதில்: ஆகாதும்மா. குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் போலீஸ் எழுதி வாங்கும் வாக்குமூலத்தை வைத்துக் கோர்ட்டில் தண்டனை வாங்க முடியாது. அவன் சொன்னதை வைத்துத்தான் செல்போனைக் கண்டெடுத்தோம் என்று போலீஸ் காட்டியிருந்தால், அவன் சொன்னதில் அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாக வரும். வக்கீல் முதலில் அதைப் பார்க்கட்டும்.

எனக்குக் கவலை, ரிமாண்ட் அன்று என்ன நடந்தது என்பதில்தான். இலவச சட்ட உதவி வக்கீலாக நான் அடிக்கடி பார்ப்பது இது: “எதற்குக் கைது செய்தார்கள் என்று தெரியுமா? போலீஸ் அடித்தார்களா? வக்கீல் இருக்கிறாரா?” என்று மாஜிஸ்திரேட் தமிழில் கேட்பார். பையன் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தலையாட்டுவான். கம்பெனிக்கு வேலையாள் பிடித்துக் கொடுத்த லேபர் காண்ட்ராக்டர்தான் அங்கே மொழிபெயர்ப்பாளர். தன் பெயர் வழக்கில் வந்துவிடக் கூடாதே என்பது அவர் கவலை. “எல்லாம் சொல்லிட்டேன் சார்” என்பார். என்ன சொன்னார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஒருவனைச் சிறைக்கு அனுப்பும் இடத்தில் இப்படி நடப்பதை என்னால் பொறுக்கவே முடிவதில்லை.

இத்தனைக்கும் சட்டம் அவன் பக்கம்தான் இருக்கிறது. கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் கொடுத்தாக வேண்டும் என்று 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே முடியாவிட்டால் வாயால் சொல்லலாம். ஆனால், மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது எழுத்தில் தர வேண்டும். தரவில்லையென்றால் கைதும் செல்லாது, ரிமாண்டும் செல்லாது. பையனிடம் கொடுத்த தாள் ஒடியாவில் இருந்ததா, தமிழில் இருந்ததா? வக்கீலைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. ஒடியா மட்டுமே தெரியும் என்று கோர்ட்டில் எழுத்தில் ஒரு மெமோ போட்டுவிடட்டும். விசாரணை தொடங்கினால், சாட்சி சொல்வதை அவனுக்குப் புரியும் மொழியில் கோர்ட்டிலேயே சொல்ல வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 314-வது பிரிவு. இந்தி போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், சிறையில் மனு போட்டுப் பார்க்க வக்கீல் போகும்போது ஒடியா நன்றாகத் தெரிந்த, வழக்கில் சம்பந்தமில்லாத ஒருவரையும் கூட அழைத்துப்போக அனுமதி கேட்கட்டும். ஸ்டேஷனில் என்ன கேட்டார்கள், எதில் கையெழுத்துப் போட்டான் என்று அவன் முழுசாகச் சொன்னால்தான் ஜாமீன் மனுவை உருப்படியாக எழுத முடியும்.