வீட்டுக் கணினி கேள்வி பதில்: பழைய விண்டோஸ், தொலைந்த படங்கள், பாமினி எழுத்துரு

சிவகாசியில் 20 வருஷம் டிடிபி வேலை பார்த்தவன் நான். இப்போது வீடுகளுக்குப் போய் கம்ப்யூட்டர் சரிசெய்து கொடுக்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். மொபைல், டிவி, சிசிடிவி பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் தொழில் இல்லை.

தேனி, ஓய்வுபெற்ற ஆசிரியை: என்னுடைய விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் இனி பாதுகாப்பில்லை என்று கடைக்காரர் சொல்கிறார். புதுசு வாங்கச் சொல்கிறார். 2016இல் வாங்கியது. நன்றாகத்தான் ஓடுகிறது.

அம்மா, கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் எப்போதும் போல ஓடும். ஆனால் புதிதாக ஒரு ஓட்டை கண்டுபிடித்தால் அதை அடைக்க அப்டேட் வராது. விண்டோஸ் 11 போடலாமா என்றால், இன்டெல் பிராசசர் 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 2016 மெஷினில் அது அமையாது.

அதற்காக உடனே கடைக்கு ஓட வேண்டாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறங்கள். கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிந்துகொள்ளும் வசதி அங்கே வந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து உங்கள் செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் பணம் கட்டாமலே 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுக்கொள்ளலாம். 4 ஜிபி ராம் இருந்தாலே ஓடும். பென் டிரைவில் ஏற்றி, இருக்கிற விண்டோஸைத் தொடாமல் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பேங்க் வேலை, யூடியூப், கடிதம் அடிப்பது எல்லாம் நடக்கும். தமிழும் அடிக்கலாம். மாற்றுவதென்று முடிவு செய்தால், முதலில் படங்களையும் கோப்புகளையும் வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றது.

கரூர்: கம்ப்யூட்டர் ஆன் ஆகவே 5 நிமிஷம் ஆகிறது. எந்த கிளீனர் சாஃப்ட்வேர் நல்லது?

எதுவும் வேண்டாம். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைக் கிளீனர் சுத்தம் செய்வதால் வேகம் கூடியதை நான் ஒரு வீட்டிலும் பார்த்ததில்லை. கெட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய்த் தேவையில்லாததை நிறுத்துங்கள். உள்ளே பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். அந்த 5 நிமிஷம் அரை நிமிஷமாகக் குறையும்.

சேலம், கல்லூரி மாணவி: அண்ணா, அரசுத் தேர்வு விண்ணப்பத்தில் போட்டோ 50 கேபிக்குள் கேட்கிறார்கள். சான்றிதழ் பிடிஎஃபையும் சின்னதாக்க வேண்டும். ஆன்லைனில் நிறையத் தளங்கள் வருகின்றன. எது நல்லது?

தங்கச்சி, உன் மார்க் ஷீட், ஆதார், கையெழுத்து மூன்றையும் முன்பின் தெரியாத ஒரு தளத்தில் ஏற்றாதே. அந்த வேலை மொத்தத்தையும் உன் கம்ப்யூட்டரிலேயே செய்யலாம். போட்டோவுக்கு இர்ஃபான்வியூ. அதில் ஜேபெக்காகச் சேமிக்கும்போது பக்கத்தில் ஒரு பெட்டி வரும். கோப்பு இத்தனை கேபி இருக்கட்டும் என்று அங்கே எண்ணைக் கொடுத்துவிடலாம். இதற்கு அவர்கள் தருகிற பிளக்இன்னையும் போட்டிருக்க வேண்டும். அவசரம் என்றால் விண்டோஸில் இருக்கிற பெயின்ட் போதும். படத்தை ரீசைஸில் 40 சதவீதம், 30 சதவீதம் என்று குறைத்துக்கொண்டே வந்து அளவு பார்.

பிடிஎஃபுக்கு பிடிஎஃப்24 கிரியேட்டர். ஜெர்மனிக்காரர்கள் தருவது, இலவசம். இணையதளமாகவும் இருக்கிறது, விண்டோஸ் மென்பொருளாகவும் இருக்கிறது. நீ மென்பொருளை எடுத்துக்கொள். சேர்ப்பது, பிரிப்பது, அளவு குறைப்பது எல்லாம் இணையத்துக்குப் போகாமல் நடக்கும்.

இன்னொன்று. எந்த மென்பொருளானாலும் அதைச் செய்தவருடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கு. தேடினால் மேலே விளம்பரமாக வருகிற முதல் முடிவைத் தொடாதே.

விருதுநகர்: நல்ல இலவச ஆன்டிவைரஸ் சொல்லுங்கள்.

விண்டோஸோடு வருகிற டிஃபென்டர் போதும். அணைக்காமல் வைத்திருங்கள்.

பட்டுக்கோட்டை: மெமரி கார்டிலிருந்து பேத்தியின் காதுகுத்துப் படங்கள் அழிந்துவிட்டன. லேப்டாப்பிலும் கொஞ்சம் அழிந்தன. மீட்க முடியுமா?

கார்டை இந்த நிமிஷமே கேமராவிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள் ஐயா. அழிந்த படம் உடனே காணாமல் போவதில்லை. அந்த இடம் காலி என்று குறிப்பு மட்டும்தான் மாறுகிறது. புதுப் படம் அதன் மேல் எழுதப்பட்டால்தான் உண்மையில் போகும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டு கார்டைச் செருகித் தேடச் சொல்லுங்கள். கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துமாக இருக்கும், பயப்பட வேண்டாம். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காதீர்கள், வேறு டிஸ்கில் போடுங்கள். கோப்புப் பெயர்கள் போயிருக்கும், படங்கள் பெரும்பாலும் கிடைக்கும்.

லேப்டாப்பில் எஸ்எஸ்டி இருந்தால் நிலைமை வேறு. அழித்த இடத்தை அது டிரிம் என்ற முறையில் தானே துடைத்துவிடும். அங்கே நம்பிக்கை வைக்காதீர்கள்.

போன மாதம் ஒரு வீட்டுக்குப் போனேன். ஏதோ ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கேட்காமலே டி டிரைவையும் சேர்த்து ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 11 வருஷப் படம். காலமான அப்பாவின் குரல் பதிவு ஒன்று அதில் இருந்தது. இரண்டு நாள் முயன்றேன், கிடைக்கவில்லை. அந்த வீட்டுப் பையன் கடைசிவரை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அதனால்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. தம்பி வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க் கொடுத்து வைத்தால்கூடப் போதும்.

ஓசூர்: ஆபீஸ் சாஃப்ட்வேரைப் பணம் கட்டாமல் ஆக்டிவேட் செய்ய ஒரு ஃபைல் இருக்கிறதாமே, டிஃபென்டரை அணைத்துவிட்டுப் போடச் சொல்கிறார்கள்.

போடாதீர்கள். அணைக்கச் சொல்வதே எச்சரிக்கை. கிராக் கோப்புகள் வழியாகப் பரவி, படங்களையெல்லாம் பூட்டிப் பணம் கேட்கிற ரான்சம்வேர் இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் இலவசம். வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறக்கும்.

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்: தம்பி, கோயில் மலருக்கு 2003இல் பாமினியில அடிச்ச கட்டுரையள் கிடக்கு. மகன் வாங்கித்தந்த புது லேப்டாப்பில திறந்தா வெறும் இங்கிலிஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா வருது. வைரஸோ?

வைரஸ் இல்லை ஐயா, கோப்பும் கெடவில்லை. இது என் சொந்தத் துறை, விரிவாகவே சொல்கிறேன்.

பாமினி கோப்பில் தமிழே இல்லை. நீங்கள் 'அம்மா' என்று அடித்தபோது கம்ப்யூட்டர் சேமித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. பாமினி எழுத்துரு எம்மை 'அ' மாதிரியும், கேயை 'ம' மாதிரியும், அரைப்புள்ளியைப் புள்ளி மாதிரியும், எச்சைக் கால் மாதிரியும் வரைந்து காட்டியது. புது லேப்டாப்பில் அந்த எழுத்துரு இல்லை, அதனால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. எங்கள் பக்கத்தில் வானவில், டாம், டாப் எழுத்துருக்களும் இதே கதைதான். ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் படிக்க முடியாது. கூகுளில் தேடினாலும் அகப்படாது.

எழுத்துருவை மறுபடி போட்டால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் நோய் தீராது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. பழைய பிரதியை அழிக்காமல் தனியே வைத்துக்கொண்டு செய்யுங்கள். 'கொ' போன்ற எழுத்துகளை மட்டும் கவனித்துப் பாருங்கள். பாமினியில் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும். யூனிகோடில் க முதலில். மட்டமான மாற்றி இந்த இடத்தில் குழப்பும்.

இனி புதிதாக அடிப்பதையாவது யூனிகோடில் அடியுங்கள். எல்லோரும் தமிழ்99 விசைப்பலகை பழகிக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அவரே மறுபடி: 30 வருசம் டைப்ரைட்டர்ல பழகின விரல். இந்த வயசில புதுசாப் பழகச் சொல்லுறியளே?

கோவை, மாணவர்: எதற்கு சார் தமிழ்99? ஆங்கிலத்தில் ஒலிப்படி அடித்தால் தமிழ் வருகிறது. நான் ஒரு நாளில் பழகினேன்.

தஞ்சாவூர், பத்திரிகை மெய்ப்புத் திருத்துநர்: ஒலிப்படி அடிக்கிறவர்கள் அனுப்பும் கட்டுரையில் ல, ள, ழ எல்லாம் இடம் மாறி வருகிறது. என் பாதி நேரம் அதிலேயே போகிறது.

கோலாலம்பூர்: எங்கள் ஊரில் அஞ்சல் முறைதான் பெரும்பாலும். அதுவும் ஒலிப்படிதான். நாங்கள் பிழையில்லாமல்தான் எழுதுகிறோம்.

யாழ்ப்பாணத்து ஐயா சொல்வது நியாயம். மேலே நான் எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். பாமினியின் விசை வரிசை உங்கள் ஊர்த் தட்டச்சு வரிசையிலிருந்து வந்தது. விரல் மாற வேண்டியதில்லை, வெளியே வரும் எழுத்து மாறினால் போதும். இ-கலப்பை என்ற இலவச மென்பொருளில் பாமினி விசைப்பலகையே இருக்கிறது. அடிப்பது பழைய மாதிரி, சேமிப்பது யூனிகோடு.

கோவைத் தம்பிக்கு. 'வணக்கம்' என்பதை ஒலிப்படி முறையில் அடிக்க 8 விசை, ணகரத்துக்கு ஷிஃப்ட் தனி. தமிழ்99இல் வ, ண, க, க, ம, புள்ளி: ஆறே தட்டு, ஷிஃப்ட் கிடையாது. க இரண்டு முறை வந்தால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே விழும். ங வந்து க வந்தால் 'ங்க', ந வந்து த வந்தால் 'ந்த'. உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில். நம் மொழியில் எது எதோடு சேரும் என்று தெரிந்து அமைத்தது அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் பேசி முடிவான வரிசை. விண்டோஸ் 10இலும் 11இலும் உள்ளேயே இருக்கிறது, மொழி செட்டிங்ஸில் சேர்த்தால் போதும். ஒரு சிக்கல்: 'சசி', 'மமதை' மாதிரி வரும்போது நடுவில் அகரத்தை ஒரு தட்டுத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் 'ச்சி' ஆகிவிடும்.

ஆனால் தஞ்சாவூர்க்காரர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிழை கீபோர்டில் இல்லை. 'பள்ளி'யையும் 'பல்லி'யையும் குழப்புகிறவர் தமிழ்99இலும் குழப்புவார், இரண்டுக்கும் அங்கே தனித்தனி விசை. கோலாலம்பூர் நண்பர் சொல்லும் அஞ்சல், முத்து நெடுமாறன் அமைத்தது. ஆப்பிள் கருவிகளிலேயே இடம்பெற்றது. அதில் லட்சக்கணக்கான வரி நல்ல தமிழ் எழுதப்பட்டிருக்கிறது.

தினமும் பக்கம் பக்கமாக அடிக்கிறவர் தமிழ்99 பழகுங்கள், இரண்டு வாரம் கை வலிக்கும், பிறகு வாழ்நாளுக்கும் லாபம். மற்றவர்கள் எதில் வேண்டுமானாலும் அடியுங்கள். சேமிப்பது யூனிகோடாக இருக்கட்டும். தமிழ்நாடு அரசே 2010 கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் அதைத் தரமாக அறிவித்துவிட்டது.

திருப்பூர்: டைப் செய்வதெல்லாம் இருக்கட்டும். எந்த ஆன்டிவைரஸ் போடலாம்?

விருதுநகர்க்காரருக்குச் சொன்ன பதில்தான்.

நாகர்கோவில்: பழைய தமிழ்ப் புத்தகங்கள் படிக்க நல்ல தளம்?

மதுரைத் திட்டம், 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிவருவது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஈழத்து நூல், இதழ் என்றால் நூலகம் தளம். மூன்றும் இலவசம்.

மதுரை: கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், வைரஸ் இருக்கிறது என்று போன் வந்தது. ஒரு சாஃப்ட்வேரைப் போடச் சொல்லி அதில் வந்த எண்ணைக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன்.

இதைப் படித்த உடனே இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்குப் பேசி கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிறகு அந்தத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நீக்கி, வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். எந்தக் கம்பெனியும் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறதென்று தானாக அழைக்காது.

தர்மபுரி: ஸ்லோவாக இருக்கிறது, என்ன கிளீனர் போடலாம்?

மேலே கரூர் கேள்வியைப் படியுங்கள். கேட்கும் முன் ஒருமுறை முழுதும் படித்துவிட்டால் எனக்கு மற்றவர்களுக்கு எழுத நேரம் இருக்கும்.

யாழ்ப்பாணம்: தம்பி, மாத்தியாச்சு. கட்டுரை எல்லாம் வாசிக்கலாம், சந்தோசம். ஆனா கோயில் கணக்கில காசு வாற இடமெல்லாம் 'சுள' எண்டு கிடக்கு.

கேட்கவே நிறைவாக இருக்கிறது ஐயா. அன்று நீங்கள் ரூபாய்க்கு ஆங்கிலத்தில் ஆர், எஸ் என்று அடித்திருப்பீர்கள். பாமினியில் பெரிய ஆர் 'சு', சிறிய எஸ் 'ள'. மாற்றி அதையும் தமிழென்று நினைத்து மாற்றிவிட்டது. கன்ட்ரோலும் எச்சும் அழுத்தி 'சுள' என்பதைத் தேடி 'ரூ' என்று மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றும் பொத்தானை அழுத்த வேண்டாம். மலரில் எங்காவது 'சுளகு', 'பலாச்சுளை' என்று வந்திருந்தால் அதுவும் சேர்ந்து மாறிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.