கோல்ஃப் ஸ்விங்: தாளம் தப்புவது எங்கே?

கேள்வி: எனக்கு வயது 58. பணி ஓய்வுக்குப் பிறகு கோல்ஃப் ஆடத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பயிற்சித் திடலில் ஓரளவு நேராகச் செல்லும் பந்து, ஆட்டத்தில் டிரைவரை (நெடுந்தூரம் அடிப்பதற்கான நீண்ட மட்டை) எடுத்தவுடன் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடுகிறது. ‘மெதுவாக அடியுங்கள்’ என்கிறார்கள் உடன் ஆடுபவர்கள். மெதுவாக அடித்தால் தூரம் குறைகிறதே தவிர வளைவு நிற்கவில்லை. என் தவறு எங்கே இருக்கிறது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அக்கறையோடு சொல்லப்படும் அந்த அறிவுரையை முதலில் ஒதுக்கி வையுங்கள். புகழ்பெற்ற கோல்ஃப் வீரர் எர்னி எல்ஸின் ஸ்விங் (மட்டையை வீசி அடிக்கும் முழு அசைவு) பார்ப்பதற்கு அவ்வளவு நிதானமாக இருக்கும். இன்னொரு வீரரான நிக் பிரைஸோ சட்டென்று அடித்து முடித்துவிடுவார். இருவருமே பெரும் போட்டிகளை வென்றவர்கள்: 1994ஆம் ஆண்டில் யு.எஸ். ஓபனை எல்ஸ் வென்றார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் ஓபனையும் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பையும் பிரைஸ் வென்றார். ஆகவே டெம்போ, அதாவது ஸ்விங்கின் தாளம், என்பது வேகத்தின் அளவு அன்று. மட்டை மேலே போகும் நேரத்துக்கும் கீழே இறங்கிப் பந்தைத் தொடும் நேரத்துக்கும் உள்ள விகிதம். தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் இது பெரும்பாலும் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கை ஒட்டியே அமைகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கைப்பேசியில், நொடிக்கு 30 சட்டகங்கள் என்ற அமைப்பில் உங்கள் ஸ்விங்கைப் பதிவு செய்து, ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி எண்ணுங்கள். மேலே போக 24 சட்டகங்களும் இறங்க 8 சட்டகங்களும் ஆனால் தாளம் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். 27க்கு 9, 21க்கு 7 என்றாலும் அப்படியே.

உங்களுடைய வளைவு பெரும்பாலும் உச்சியில்தான் பிறக்கிறது. (நீங்கள் வலக்கை ஆட்டக்காரர் என்று எடுத்துக்கொள்கிறேன்.) மட்டை மேலே போய்த் திரும்பும் அந்தக் கணத்தில், பலமாக அடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் வலத்தோள் முந்திக்கொண்டால், மட்டை வெளிப்பக்கமிருந்து உட்பக்கமாகப் பந்தைக் குறுக்கே அறுத்துச் செல்லும், மட்டையின் முகம் (பந்தைத் தொடும் பரப்பு) அந்தப் பாதைக்கு வலப்பக்கமாகத் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் சுழன்று விலகும். மெதுவாக அடித்தாலும் தோள்தான் முதலில் இறங்குகிறது என்பதால்தான் நண்பர்கள் சொன்ன வழி பயன் தரவில்லை. இடுப்பு இடப்பக்கமாகத் திரும்பத் தொடங்கிய பிறகே கைகள் இறங்க வேண்டும்.

இதற்கு நம் காதுக்குப் பழகிய ஒரு சொற்கட்டையே நான் பரிந்துரைப்பேன். ‘த–க–தி–மி–தா’ என்று சம இடைவெளியில் சொல்லுங்கள். ‘த’ என்னும்போது மட்டை பந்திலிருந்து நகர வேண்டும். ‘மி’ என்னும்போது உச்சியை எட்ட வேண்டும். ‘தா’ பந்தின் மீது விழ வேண்டும். ‘த’விலிருந்து ‘மி’ வரை மூன்று இடைவெளிகள், ‘மி’யிலிருந்து ‘தா’வுக்கு ஒன்று என விகிதம் தானாக அமைந்துவிடும். முழுச் சொற்கட்டும் ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முடிய வேண்டும். இழுத்துச் சொன்னால் பயனில்லை. முதலில் 7ஆம் எண் அயர்னை (நடுத்தர தூரத்துக்கான மட்டை) எடுத்து, இரு பாதங்களையும் சேர்த்து வைத்து, பாதி ஸ்விங் மட்டும் பழகுங்கள். பாதங்கள் சேர்ந்திருக்கையில் தோளால் அவசரமாக அடித்தால் உடல் உடனே தள்ளாடிக் காட்டிக்கொடுத்துவிடும். மட்டையின் பிடியையும் கவனியுங்கள்: விரல் முட்டிகள் வெளுத்திருந்தால் முன்கை இறுகிவிட்டது என்று பொருள், இறுகிய கை தாளத்துக்கு வராது.

உங்கள் வயதில் இடுப்பு முழுமையாகத் திரும்பாவிட்டால், மேலே போகும்போது இடக்குதிகால் சற்று உயர்வதை நீங்கள் தடுக்க வேண்டியதில்லை. ஆட்டத்தில், முன்னால் ஆடுபவர்களுக்காகக் காத்திருந்து, பிறர் பார்த்திருக்க டீயில் (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கும் இடம்) நிற்கும்போதுதான் அவசரம் தொற்றிக்கொள்கிறது. எனவே பந்தை நெருங்குமுன் அதே சொற்கட்டோடு ஒரு வெறும் ஸ்விங் செய்துவிடுங்கள்.

கேள்வி: கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) பந்தை உருட்டும்போதும் இதே விகிதம்தானா?
– வாசகி, சென்னை

பதில்: இல்லை. இப்படி உருட்டுவதை பட்டிங் என்பார்கள்; அதில் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதமே பொருந்தும். ‘த–கி–ட–தா’ என்று சொல்லி, ‘ட’வில் பின்னோக்கிய அசைவை முடித்து, ‘தா’வில் பந்தைத் தொடுங்கள். குழி அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும் சொற்கட்டின் வேகம் மாறக் கூடாது. ஊஞ்சலைப் போல அசைவின் நீளம் மட்டுமே கூடிக் குறைய வேண்டும்.