நீங்கள் கேட்காத ஒரு எண்

கேள்வி: நான் 26 வயது திருநங்கை. சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்தபடி ஐந்து மாதமாக எஸ்ட்ராடியோல் என்ற பெண் ஹார்மோன் மாத்திரை காலை 2 மி.கி., இரவு 2 மி.கி. நாக்கின் அடியில் வைத்துக்கொள்கிறேன். கூடவே ஸ்பைரோனோலாக்டோன் 100 மி.கி. மூன்றாவது மாதம் காலையில் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டே லேபுக்குப் போனேன். ஹால் முழுக்க ஆட்கள். என் பழைய பெயரோடு 'சார்' சேர்த்து உரக்கக் கூப்பிட்டார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டில் எஸ்ட்ராடியோல் 612 என்று வந்தது. பயந்துபோய்ப் பத்து நாள் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டேன். போன வாரம் ஆபீஸ் முடிந்து மாலையில் வேறொரு லேபில் பார்த்தால் 88. தோழி மாத்திரையைக் கூட்டச் சொல்கிறாள். எந்த லேப் சொல்வது உண்மை? டெஸ்டோஸ்டிரோன் 38, ஹீமோகுளோபின் 12.4 இரண்டும் 'குறைவு' என்று சிவப்பில் இருக்கின்றன. பொட்டாசியம் 5.6. உடம்புக்கு ஒன்றும் இல்லை. சூடு தணிய தினமும் இளநீர் குடிக்கிறேன், முடி கொட்டாமலிருக்க பயோட்டின் போடுகிறேன். இனிமேல் இந்த டெஸ்டே வேண்டாம் என்று தோன்றுகிறது. அடுத்த முறை கூட வருகிறேன் என்கிறார் அம்மா. அங்கே பழைய பெயரைக் கூப்பிட்டால் அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பேன்? வரவேண்டாம் என்று சொல்லிவிடவா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேளச்சேரி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

எஸ்ட்ராடியோலைப் பற்றி அவ்வளவு எழுதிய நீங்கள், பொட்டாசியம் 5.6 என்பதை இரண்டே சொல்லில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த இடத்தில்தான். பத்திரிகை அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை என்பதால் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இதே மாத்திரைகளைப் போடும் மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்.

ஸ்பைரோனோலாக்டோன் அடிப்படையில் சிறுநீர் பெருக்கும் மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் கொடுக்கப்படுவது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் குணமும் அதற்கு இருப்பதால் உங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். அது உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளும், பொட்டாசியத்தை உள்ளேயே நிறுத்திவைக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் சாதாரணமாக 3.5 முதல் 5 வரை இருக்கும். ரொம்ப ஏறினால் இதயத் துடிப்பின் தாளமே தப்பிவிடும். இதில் பெரிய சங்கடம், ஏறுவது பெரும்பாலும் வெளியே தெரியாது. 'உடம்புக்கு ஒன்றும் இல்லை' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, 5.6 இருக்கும்போதும் அப்படித்தான் இருக்கும். இனிமேல் டெஸ்ட் எதற்கு என்று கேட்டீர்கள். இதற்குத்தான்.

அப்புறம் அந்த இளநீர். ஹார்மோன் மாத்திரை சூடு, இளநீர் குடி என்று நம் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். மற்றவர்களுக்கு நல்லதுதான். ஆனால் இளநீரில் பொட்டாசியம் அதிகம். ஒரு பக்கம் மாத்திரை வெளியேற விடாமல் பிடித்துவைக்க, இன்னொரு பக்கம் நீங்கள் தினமும் ஊற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை நிறுத்துங்கள். தாகத்துக்குத் தண்ணீர் போதும். சோடியம் குறைந்த உப்பு என்று பாக்கெட்டில் விற்பதும் வேண்டாம், அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம். கால்வலி, தலைவலி என்று மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடும் இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும்.

சரி, அந்த 5.6 பொய்யாகவும் இருக்கலாம். ரத்தம் எடுக்கும்போது நரம்பு கிடைக்காமல் ரப்பரை ரொம்ப நேரம் இறுக்கிக் கட்டியிருந்தால், 'கையை நல்லா மூடித் திறங்க' என்று திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லியிருந்தால், எடுத்த ரத்தம் பிரித்து வைக்கப்படாமல் நேரமாகிவிட்டால், பொட்டாசியம் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அது பொய் என்று தெரிந்துகொள்ளவும் மறுபடி பார்த்தாக வேண்டும். உடனே டாக்டருக்குப் போன் செய்து எண்ணைச் சொல்லுங்கள், ஸ்பைரோனோலாக்டோனைத் தொடரலாமா என்று கேளுங்கள், ஓரிரு நாளில் மறுபடி ரத்தம் கொடுங்கள். நடுவில் கைகால் தளர்ந்து போனாலோ நெஞ்சு படபடத்தாலோ லேபுக்குப் போகாதீர்கள், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். எஸ்ட்ராடியோல் எடுப்பவர்களுக்கு இன்னொன்று: ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போது உங்கள் 612-க்கும் 88-க்கும் வருவோம். இரண்டு லேபும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன என்று நினைக்கிறேன். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை ரத்தத்தில் சட்டென்று ஏறும், சில மணி நேரத்தில் சரசரவென்று இறங்கும். முதல் தடவை மாத்திரை கரைந்துகொண்டிருக்கும்போதே ஊசி குத்தியிருக்கிறார்கள். ஏறி நின்ற உச்சியைப் பார்த்தீர்கள். இரண்டாம் தடவை காலை மாத்திரை போட்டுப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். வடிந்து கிடந்ததைப் பார்த்தீர்கள். மெரினாவில் அலை ஏறும்போது ஒருவர் படம் எடுக்கிறார், இறங்கும்போது ஒருவர் எடுக்கிறார். கடல் ஒன்றுதான். 612-ஐப் பார்த்து மாத்திரையை உடைத்ததும் தவறு, 88-ஐப் பார்த்துத் தோழி கூட்டச் சொல்வதும் தவறு. இரண்டையும் டாக்டரிடம் காட்டும்போது நேரத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் அவருக்கு ஏதாவது புரியும்.

உலகம் முழுக்க டாக்டர்கள் பின்பற்றும் எண்டோகிரைன் சொசைட்டி என்ற ஹார்மோன் மருத்துவர்கள் சங்கத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் எஸ்ட்ராடியோல் 100 முதல் 200 பிகோகிராம், டெஸ்டோஸ்டிரோன் 50 நானோகிராமுக்குக் கீழே என்று இலக்கு சொல்லியிருக்கிறார்கள். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ரத்தம் பார்க்க வேண்டும். மாத்திரை போட்டு எத்தனை மணி நேரம் கழித்து எடுப்பது என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். நான் என்னிடம் வருபவர்களுக்கு நான்கு மணி நேரம் கழித்து என்று சொல்வேன். எதைச் சொன்னாலும் ஒவ்வொரு முறையும் அதே இடைவெளியில், முடிந்தால் அதே லேபில் கொடுங்கள். பர்சில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'மாத்திரை காலை 6.00, ரத்தம் காலை 10.10' என்று எழுதினால் போதும். அந்த ஒரு வரி இல்லாமல் கொண்டுவரும் ரிப்போர்ட்டைப் பார்த்து நான் பல முறை கையைப் பிசைந்திருக்கிறேன்.

ஜெல் தடவுபவர்கள், தடவிய கையில் ரத்தம் கொடுக்காதீர்கள். தோலில் ஒட்டியிருக்கும் ஜெல் ஊசியோடு போய் எண்ணை எங்கேயோ ஏற்றிவிடும். நீங்கள் போடும் பயோட்டினும் வம்பு செய்யும். பல லேப் மெஷின்கள் ஹார்மோனை அளக்கும் முறையிலேயே பயோட்டின் ஒரு பாகம், அதனால் ரத்தத்தில் அது மிதந்தால் எஸ்ட்ராடியோலைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். குறைந்தது இரண்டு நாள் முன்னால் நிறுத்துங்கள். ஹார்மோன் டெஸ்டுக்காக மட்டும் வெறும் வயிற்றில் இருக்க வேண்டியதில்லை. சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துப் பார்த்தால் லேபில் சொல்லும் நேரத்துக்குச் சாப்பிடாமல் போங்கள், தண்ணீர் குடிக்கலாம்.

சிவப்பு எழுத்துகளைப் பற்றி. பில் போடும்போது கம்ப்யூட்டரில் 'ஆண்' என்று ஒரு கட்டத்தைத் தட்டுகிறார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு உங்கள் ஒவ்வொரு எண்ணையும் ஆண்களின் அளவோடு ஒப்பிட்டு அந்தக் கம்ப்யூட்டரே சிவப்புப் போடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் 38 என்பதை 'குறைவு' என்கிறது. அதைக் குறைக்கத்தானே ஐந்து மாதமாக மாத்திரை போடுகிறீர்கள்? உங்கள் சிகிச்சை வேலை செய்கிறது. ஹீமோகுளோபின் 12.4 என்பது ஆண்களுக்கான 13-க்குக் கீழே இருக்கிறது, பெண்களுக்கான 12-க்கு மேலே இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் இறங்கினால் ஹீமோகுளோபினும் பெண்களின் அளவுக்கு இறங்கும். இரும்புச் சத்து மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். பொட்டாசியத்துக்கு மட்டும் ஆண், பெண் என்ற வேறுபாடு கிடையாது. அதனால்தான் மூன்று எண்களில் அது ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். சில லேபில் டெஸ்டோஸ்டிரோன் 0.38 என்று வரும். அலகு வேறு, நூறால் பெருக்கினால் அதே 38.

இதைப் படிக்கும் திருநம்பித் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. டெஸ்டோஸ்டிரோன் ஊசியில் உங்களுக்கு ஏறுவது ரத்தத்தின் அடர்த்தி. ஹீமட்டோகிரிட் என்ற எண்ணை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதைப் பாருங்கள், 54-ஐத் தொடவிடக் கூடாது, 50-ஐத் தாண்டினாலே டாக்டரிடம் பேசுங்கள். புகைபிடித்தால் இன்னும் ஏறும். கத்திரி வெயிலில் பைக்கில் அலைந்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் போய் ரத்தம் கொடுத்தாலும் கூடுதலாகக் காட்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போடுபவர்கள், இரண்டு ஊசிகளுக்கும் நடுவில் வரும் நாளில் டெஸ்டோஸ்டிரோன் பாருங்கள்.

இனி அந்த ஹால். 2008-லேயே நாட்டில் முதல் முறையாகத் திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. அந்த ஊரில் ரத்தம் கொடுக்கப் போன ஒரு பெண் தலைகுனிந்து வெளியே வர வேண்டியிருக்கிறது என்றால் எனக்கு வயிறு எரிகிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் இதே மாதிரி பழைய பெயரைக் கூப்பிட்டதும் ஒருவர் எழுந்து, கையில் ஒட்டியிருந்த டோக்கனைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். திரும்பி வரவேயில்லை. அவருடைய பொட்டாசியம் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. டெஸ்டே வேண்டாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அதனால் கவுண்டரை முதலில் சரிசெய்வோம். டாக்டரிடம் சீட்டில் நீங்கள் விரும்பும் பெயரையும், 'ஹார்மோன் சிகிச்சையில் இருக்கும் திருநங்கை' என்று ஒரு வரியையும் எழுதி வாங்குங்கள். சீட்டிலும் பில்லிலும் டியூபிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாம்பிளைத் திருப்பிவிடுவார்கள். பில்லில் பழைய பெயரே இருந்தாக வேண்டிய நிலை என்றால், 'டோக்கன் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுங்க, பேர் வேண்டாம்' என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. எஸ்ட்ராடியோல் டெஸ்டுக்குக் கடைசி மாதவிடாய்த் தேதி கேட்பார்கள், எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான். 'ஹார்மோன் ட்ரீட்மென்ட்' என்று சொன்னால் போதும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் வசதி பல லேபில் இருக்கிறது, பெயரை வாசலுக்குள்ளேயே சரிபார்த்துக்கொள்வார்கள். அப்படியென்றால் சாம்பிள் எவ்வளவு நேரத்தில் லேபுக்குப் போகும் என்று மட்டும் கேட்டுவிடுங்கள், பொட்டாசியம் இருக்கிறதே. சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் பாலின வழிகாட்டுதலுக்கென்று தனி கிளினிக் உண்டு. மருத்துவச் சேவையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. மரியாதையில்லாமல் நடத்தினால் மேனேஜரிடம் எழுத்தில் கொடுங்கள்.

அம்மா வரட்டும். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கூட வருகிறேன் என்று ஒரு அம்மா தானாகக் கேட்பதை எத்தனையோ பேர் இந்தப் பக்கத்துக்கு ஏக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஹாலில் என்ன நடந்தது என்பதை முந்தின நாள் இரவே அவரிடம் சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் திடுக்கிட வேண்டாம். பிறகு கவுண்டரில் பேசும் வேலையை அவரிடம் விட்டுவிடுங்கள். சீட்டை நீட்டி, 'என் பொண்ணுக்கு ரத்தம் எடுக்கணும், நம்பர் சொல்லிக் கூப்பிடுங்க' என்று அவர் சொல்லட்டும். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் நேரத்தை எழுதுங்கள். முடிந்ததும் சாப்பிட டிபன் டப்பாவில் நாலு இட்லி எடுத்து வரச் சொல்லுங்கள். வழியில் இளநீர் வண்டியைப் பார்த்து அம்மா நின்றால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.